காம்பவுண்டு சுவரில் சாக்பீஸ் கோடுகள்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வாலாஜாபாத்தில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டு வாசலில் நடந்தது இது. நடந்தது என்னவோ ஒரு விளையாட்டுதான். ஒரு சாக்பீஸ், ஒரு டேப்பு, ஒரு ஸ்டூல், ஒரு பழைய கேமரா. ஆனால் அன்றைக்கு அந்த விளையாட்டை விளையாடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். டிப்ளமோ முடித்த கையோடு ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை கிடைத்து வந்தவள். லைனிலிருந்து வரும் பாகங்களை அளந்து பார்க்கும் லேபில் எனக்கு வேலை. தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். வேலைக்கு ஏற்ற வாயும் உண்டு. லைனில் என்னை 'ரிஜெக்ட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹாஸ்டலில் இருந்த நாட்களில் என்னை வேலைக்கு ஏற்றிச் சென்ற கம்பெனி பஸ்ஸின் டிரைவர்தான் என் கணவர். கம்பெனி ஆள் இல்லை, காண்டிராக்டரிடம் பஸ் ஓட்டுபவர். வாலாஜாபாத்துக்காரர். மழையில் நான் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்து இரண்டு நிமிடம் வண்டியை நிறுத்தி வைத்திருந்தார். அந்த இரண்டு நிமிடத்துக்காக சூப்பர்வைசரிடம் திட்டும் வாங்கினார். அங்கேதான் நான் விழுந்தேன். மற்றதெல்லாம் வீட்டுக்கு வீடு நடக்கிற கதைதான்.

எங்கள் வீட்டில் ஒரு பிரச்சினை வந்தது. ஜாதகம் பார்த்த இடத்தில் பொருத்தம் சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் திருவாதிரை, அவர் கார்த்திகை. "ரெண்டும் ஒண்ணா நிக்காது தாயி" என்று அம்மா ஒரு வருடம் அழுதாள். பிறகு சம்மதித்தாள். ஆனால் எங்களுக்குள் சின்னச் சண்டை என்று காதில் விழுந்தாலும், "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பித்துவிடுவாள்.

என்னோடு லேபில் இருந்த ஒருவர் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போகும்போது, அவருடைய பழைய கேமராவையும் இரண்டு லென்ஸையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் அதில் நட்சத்திரங்களைப் படம் எடுப்பார். லேபில் காட்டுவார். அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. திருவாதிரையும் வானத்தில் இருக்கிறது, கார்த்திகையும் இருக்கிறது. இரண்டையும் ஒரே படத்தில் பிடித்து, சட்டம் போட்டு, கல்யாண நாளன்று ஹாலில் மாட்டி, அம்மாவை வரவழைத்துக் காட்ட வேண்டும். 'பாரும்மா, ரெண்டும் ஒண்ணாத்தான் நிக்குது' என்று சொல்ல வேண்டும். என்ன ஒரு வீம்பு பாருங்கள்.

கொடுத்த இரண்டு லென்ஸில் ஒன்றில் பூஞ்சை பிடித்திருந்தது. மிச்சம் இருந்தது ஐம்பது என்று எழுதியிருந்த லென்ஸ். அதில் வானத்தின் எவ்வளவு அகலம் பிடிபடும் என்று முதலில் தெரிந்தாக வேண்டும். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கேமராவுக்குள் படம் விழும் சென்சாரின் அகலத்தையும், லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணையும் போட்டால் எத்தனை டிகிரி என்று வந்துவிடும். ஏதோ ஒரு வீடியோவில் சென்சார் அகலம் முப்பத்தாறு மில்லிமீட்டர் என்று போட்டுக் காட்டினார்கள். நானும் அப்படியே போட்டேன். கிட்டத்தட்ட நாற்பது டிகிரி வந்தது. வானத்தில் என் நட்சத்திரத்துக்கும் அவர் நட்சத்திரத்துக்கும் நடுவில் முப்பத்தைந்து டிகிரிதான் இடைவெளி என்று போன் சொன்னது. அப்படியானால் தாராளமாக அடங்கும்.

சனிக்கிழமை சாயந்திரம் ஏழரை மணிக்கு மொட்டை மாடிக்குப் போனோம். ஒரகடம் பக்கம் வானம் எப்போதும் வெளுத்துக் கிடக்கும், அத்தனை விளக்கு. இருந்தாலும் உச்சியில் சிவப்பாகத் திருவாதிரை, மேற்கே தள்ளிக் கொத்தாகக் கார்த்திகை, இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. படம் எடுத்தேன். திருவாதிரை இருந்தது. கார்த்திகையைக் காணோம். கேமராவைத் திருப்பினேன். கார்த்திகை வந்தது, திருவாதிரை போய்விட்டது. குறுக்கே சாய்த்துப் பார்த்தேன். அப்போதும் ஒன்று வந்தால் ஒன்று வரவில்லை. அம்மா சொன்னதுதான் ஞாபகம் வந்தது. எரிச்சல் தலைக்கேறியது.

கேமரா ஸ்டாண்டின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் கணவர்தானே. அவர் மேல் பாய்ந்தேன்.

"நீங்கதான் ஆட்டிட்டீங்க. ஒரு வேலையக் கவனமாச் செய்யத் தெரியாதா உங்களுக்கு?"

"நான் எங்கமா ஆட்னேன்? சும்மா புட்ச்சிக்கினுதானே நிக்கிறேன்" என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு. பதிலுக்குப் பதில் பேசுகிற ஆள் இல்லை.

அந்தக் 'கவனம்' என்ற வார்த்தையை நான் அவரிடம் சொல்வது அது முதல் தடவை இல்லை. அதற்கு முன் மூன்று வருடமாக எங்கள் வீட்டில் எந்தச் சண்டையை எடுத்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து முடியும். சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவார். காயப்போட்ட வடாகத்தை மிதித்துவிட்டுப் போவார். நான் பக்கத்தில் நின்று சைகை காட்டினால் கண்டுகொள்ளவே மாட்டார். ஒருமுறை ஊரிலிருந்து என் அண்ணன் வந்து, பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் நின்று கையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டியிருக்கிறான். இவர் பைக்கில் அவனைத் தாண்டிப் போயே போய்விட்டார். "மாப்பிள்ளை என்னைப் பாத்தும் பாக்காத மாதிரி போறாரு" என்று அண்ணன் மறு பஸ்ஸிலேயே திரும்பிவிட்டான். அன்றைக்கு நான் பேசிய பேச்சை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. "எங்க ஆளுகன்னா உங்களுக்கு அவ்வளவு எளக்காரமா" என்பதில் ஆரம்பித்து எங்கெங்கோ போனேன். பஸ்ஸையும் ஒருமுறை ஷேர் ஆட்டோவில் உரசி, காண்டிராக்டரிடம் மெமோ வாங்கினார். "வீட்ல இருக்குற லட்சணம்தானே ரோட்லயும் இருக்கும்" என்றேன். பெண்டாட்டியே சொன்னால் மனுஷன் எங்கே போவார்?

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

ராத்திரி முழுக்க அந்த நாற்பது டிகிரி என்னை உறுத்தியது. காலையில்தான் பொறி தட்டியது. சென்சாரின் அகலம் முப்பத்தாறு என்று யார் சொன்னது? வீடியோக்காரன் சொன்னான். அது அவன் கேமராவின் சென்சார். என்னுடையதை நான் பார்த்தேனா? லேபில் யாராவது இப்படி அளக்காமல் ஒரு எண்ணைக் கொண்டுவந்தால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். கேமராவோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தால் இருபத்து மூன்றரை மில்லிமீட்டர். கணக்கைத் திருப்பிப் போட்டேன். இருபத்தாறு டிகிரி சொச்சம். குறுக்கே சாய்த்தாலும் முப்பத்தைந்து எட்டாது. அவர் ஸ்டாண்டை ஆட்டவே இல்லை.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "கணக்கைச் சரி பாக்கணும், வாங்க, கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க" என்று மட்டும் கூப்பிட்டேன்.

வாசலை ஒட்டி நீளமான காம்பவுண்டு சுவர். நடுவில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். சுவரிலிருந்து சரியாக இரண்டு மீட்டர் தள்ளி ஸ்டாண்டை வைத்து, கேமராவை அந்தக் குறிக்கு நேராகத் திருப்பினேன். நான் கேமராவுக்குள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சுவர் ஓரத்திலிருந்து சாக்பீஸை நகர்த்திக்கொண்டே வர வேண்டும். சாக்பீஸ் எனக்குத் தெரிந்த உடனே 'நில்லுங்க' என்பேன், அவர் கோடு போடுவார். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டு கோட்டுக்கும் நடுவே டேப்பை வைத்து அளந்தால் தொண்ணூற்று நான்கு சென்டிமீட்டர். கணக்கும் அதையேதான் சொன்னது. எனக்கு ஒரே சந்தோஷம். அளவும் கணக்கும் ஒத்துப்போனால் எனக்கு பிரியாணி சாப்பிட்ட மாதிரி.

"இவ்ளோண்டு பாக்கறதுக்கா இத்தினி பெரிய கேமரா?" என்று கேலி செய்தார் அவர். "என் கண்ணு ஒண்ணு போதும். இதுக்கு மேலயே தெரியும். வேணும்னா அளந்து பாரு."

"எங்க, பாப்போம்" என்றேன். முதலில் நானே ஸ்டூலைப் போட்டுக் கேமரா இருந்த இடத்தில் உட்கார்ந்தேன். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, பார்வையை எடுக்காமல் பெருக்கல் குறியையே பார்க்க வேண்டும். அவர் சாக்பீஸைக் கொண்டு வந்தார். சுவரின் கோடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வலது, இடது இரண்டு கண்ணிலும் அப்படித்தான்.

அடுத்து அவர் உட்கார்ந்தார். வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். நான் இடது கோடியிலிருந்து சாக்பீஸோடு கிளம்பினேன். ஒரு மீட்டர் வந்தேன். இரண்டு மீட்டர் வந்தேன். சத்தமே இல்லை. இன்னும் வந்தேன். குறிக்கு அரை மீட்டர் இருக்கும்போது, "ஆங், வந்துச்சு" என்றார்.

"வெளையாடாதீங்க" என்றேன். "கோடியிலயே தெரிஞ்சிருக்கும்ல."

"நெஜமா இப்பதாம்மா வந்துச்சு."

வலது கோடியிலிருந்து வந்தேன். குறிக்கு நாற்பது சென்டிமீட்டரில் வந்துதான் சொன்னார். ஆக மொத்தம் தொண்ணூறு. கேமராவைவிடக் குறைவு. எனக்குக் கோபம் வந்தது. வேண்டுமென்றே வம்பு செய்கிறார், நேற்று திட்டியதற்குப் பழி வாங்குகிறார் என்று நினைத்தேன். உள்ளே போய்ச் சிவப்பு பிளாஸ்டிக் மக்கை எடுத்து வந்தேன். அவ்வளவு பெரிய மக்கு, அடிக்கிற சிவப்பு. அதைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கத்திலிருந்து மறுபடி நடந்தேன். ஆடாமல் அசையாமல் குறியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவ்வளவு ஒழுங்காக.

அப்போது வீட்டு ஓனர் அம்மா திறந்து கிடந்த கேட் வழியாக உள்ளே வந்தார். வந்து, என் கணவருக்கு இடப்பக்கத்தில், கொஞ்சம் முன்னால், கை எட்டும் தூரத்தில் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார். நான் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். என் கணவர் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் ஆனது. ஓனர் அம்மா வாயைத் திறந்தார்.

"இன்னாம்மா இது, செவுத்துல கோடு போட்டுக்கினு கீறீங்க? பெயிண்ட் அட்ச்சு ஒரு வருசம் கூட ஆவல."

என் கணவர் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். ஸ்டூல் சாய்ந்து விழுந்தது. "யக்கா, எப்ப வந்தீங்க?" என்றார். அந்த முகத்தில் நடிப்பு கிடையாது. எனக்கு அது தெரியும். கையிலிருந்த மக்கை நான் கீழே வைத்தேன்.

ஓனர் அம்மாவிடம் துடைத்துவிடுகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, வலது கண்ணையும் பார்த்தேன். வலப்பக்கம் கோடியிலேயே தெரிந்தது. இடப்பக்கம் குறிக்கு எழுபது சென்டிமீட்டரில்தான் வந்தது. கடைசியாக இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்க்கச் சொன்னேன். அப்போதும் இடப்பக்கம் அதே எழுபது. அதாவது அவருக்கு இடப்பக்கத்து உலகம் பெரும்பாலும் இல்லை. அது இல்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை.

டம்ளர் எப்போதும் அவருடைய இடப்பக்கம்தான் இருக்கும், நான் அங்கேதான் உட்காருவேன். அண்ணன் நின்றது சாலையின் இடது ஓரத்தில். ஷேர் ஆட்டோ உரசியது பஸ்ஸின் இடப்பக்கத்தில். ஒவ்வொன்றாக மண்டைக்குள் வந்து விழுந்தது. ஓட்டும்போது கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், பஸ்ஸில் எல்லோரும் கிண்டல் செய்வார்கள். வர வர வண்டியை மெதுவாக ஓட்டுகிறார் என்று 'மாட்டு வண்டி' என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாகம் ரிஜெக்ட் ஆனால் ஏன் ஆனது என்று காரணம் எழுத வேண்டும். அதில் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று யாராவது எழுதினால் ஏற்க மாட்டோம். 'அது காரணம் இல்லை, போய் மிஷினைப் பார், டூலைப் பார், வெளிச்சத்தைப் பார்' என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். நானே எத்தனை பேரிடம் தாளைத் தூக்கி எறிந்திருக்கிறேன். அப்படிப்பட்டவள், வீட்டில் மூன்று வருடமாக ஒரே காரணத்தை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒருநாள்கூட எதையும் அளந்து பார்க்கவில்லை.

அழுவதற்கும் அப்போது நேரம் இல்லை. மறுநாள் திங்கட்கிழமை, முதல் ஷிப்டுக்கு விடியற்காலையில் அவர் வண்டியை எடுக்க வேண்டும். நாற்பது பேர் ஏறுகிற வண்டி, கல்யாணத்துக்குப் பிறகும் அதில்தான் நானும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு நீங்க வண்டி எடுக்கக் கூடாது" என்றேன்.

"அட இன்னாமா நீ. பத்து வருசமா ஓட்டிக்கினுதானே கீறேன். வருசா வருசம் கண்ணு டெஸ்ட்டு வெக்கிறாங்க, கடைசி வரி வரிக்கும் படிக்கிறேன். நாளைக்கு மாத்து ஆளு இல்ல. ஒரு நாளு ஓட்டிட்டு செவ்வாக்கெழம டாக்டர பாக்கலாம்."

"அப்ப நான் அந்த பஸ்ல ஏற மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. "நீயே ஏற மாட்டியா?" என்றார். வேறு யார் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பார். அந்த பஸ்ஸில்தானே எங்கள் கதையே ஆரம்பித்தது. ஆனாலும் நான் விடவில்லை. "நான் ஏறலைன்னா நான் தப்பிச்சுக்குவேன். மத்தவங்களுக்குத் தெரியாதுல்ல?" என்றேன்.

எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஸ்டூலை எடுத்துப் போட்டு, சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, தன் கையையே பக்கவாட்டில் நீட்டி மெல்ல முன்னால் கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பத் திரும்ப. வெளிச்சம் போகும்வரை பார்த்தார். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டும், போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கால் வரவில்லை.

உள்ளே வந்து போனை எடுத்து காண்டிராக்டரின் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். காய்ச்சல் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். ஒரு நாள் கழிக்க அது போதும்.

"அண்ணே, நாளைக்கு வண்டி எட்க்க மாட்டேன். இல்லண்ணே, ஜொரம் இல்ல. எனக்கு லெப்ட் சைடு கண்ணு தெர்ல. ஆமாண்ணே, இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இனிமே எட்க்க முடியுமான்னு தெர்ல."

அந்தப் பக்கம் சத்தம் போடுவது எனக்கே கேட்டது. ராத்திரியில் மாற்று ஆளுக்கு எங்கே போவது என்று அவருக்கு அவர் கஷ்டம். இவர் "சரிண்ணே, சரிண்ணே" என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தார். வைத்துவிட்டு, மறுநாளைக்கு இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியிருந்த காக்கிச் சட்டையை எடுத்து மடித்து பீரோவில் வைத்தார். ஒரே போனில் தன் பிழைப்பையே விட்டுக்கொடுத்தவரை அன்றைக்கு நான் பார்த்தேன். இந்த மனிதரைத்தான் பொறுப்பில்லாதவர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை நான் லீவு போட்டேன். காஞ்சிபுரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எழுத்துப் பலகையை அவர் கடைசி வரிவரை கடகடவென்று படித்தார். அங்கிருந்த பெண்ணே, "கண்ணு நல்லாத்தானே இருக்கு" என்றாள். நான் என் நோட்டை நீட்டினேன். சுவர், இரண்டு மீட்டர், இடது கண், வலது கண், எத்தனை சென்டிமீட்டர் என்று எல்லாம் எழுதி வைத்திருந்தேன். அவள் அதை உள்ளே கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினாள். உடனே கூப்பிட்டுவிட்டார்கள்.

கண்ணில் அழுத்தம் பார்த்தார்கள். பிறகு ஒரு வெள்ளைக் குண்டான் மாதிரி இருந்த மிஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளியையே பார்க்க வேண்டும், ஓரத்தில் எங்கேயாவது வெளிச்சம் மினுங்கினால் பட்டனை அழுத்த வேண்டும். நாங்கள் காம்பவுண்டு சுவரில் செய்ததையேதான் அது ஒழுங்காகச் செய்தது. மினுங்கல் வந்து வந்து போனது. பட்டன் சத்தம் எப்போதாவதுதான் கேட்டது.

டாக்டர் அம்மாள் பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகிற கிளாக்கோமா. வலிக்காது. ஓரப் பார்வைதான் முதலில் போகும், நேர்ப் பார்வை நன்றாகவே இருக்கும். அதனால் எழுத்துப் பலகையில் தெரியாது. தெரியாத இடத்தை மூளையே எதையாவது போட்டு நிரப்பிவிடும், அதனால் அவருக்கும் தெரியாது. "போனது திரும்பி வராதும்மா. இருக்கிறதைச் சொட்டு மருந்துலயே காப்பாத்திடலாம். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா என்கிட்ட காப்பாத்த ஒண்ணும் இருந்திருக்காது" என்றார். வண்டி ஓட்டக் கூடாது என்பதையும் சொன்னார். என் கணவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

வெளியே வராந்தாவில், மருந்துச் சீட்டுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கண்ணில் விட்ட மருந்தில் அவருக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. என்ன சொல்லித் தேற்றுவது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். வேலை போனால் போகட்டும், நான் சம்பாதிக்கிறேன், இப்படி ஏதாவது. அவர்தான் முதலில் பேசினார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கட்டா? அப்போ நான் அசால்ட்டான ஆளு இல்ல, இல்ல?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "எவ்ளோ பாத்துப் பாத்து நடந்தாலும் எதையாச்சும் தட்டி வுட்டுர்றேனே, உங்கண்ணன கூட கவனிக்காம போய்ட்டேனேன்னு, எனக்கு புத்தியிலதான் இன்னாமோ கோளாறுன்னு நெனச்சுக்கினு இருந்தேன். நீ சொல்றது கரெக்ட்டுதான்னு நெனச்சேன். இத பாரு, கோயில்ல போயி கவுறு கூட கட்டிக்கினு வந்தேன், கவனம் வரணும்னு." மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. மாதக்கணக்காக அது அங்கே இருக்கிறது. எதற்கு என்று நான் கேட்டதில்லை.

பெஞ்சிலேயே உடைந்து அழுதுவிட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்லங்க, நீங்க அப்படி இல்லவே இல்ல, நாந்தான், நாந்தான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்று முழுசாகச் சொல்லக்கூட முடியவில்லை. மருந்துச் சீட்டோடு வந்த நர்ஸ் பயந்துபோய், "என்னம்மா, ரிசல்ட் ரொம்ப மோசமா?" என்று கேட்டார்.

"இல்லம்மா" என்றார் என் கணவர், கண்ணீரும் சிரிப்புமாக. "நல்ல ரிசல்ட்டுதான் வந்துகீது."

அன்று சாயந்திரமே அண்ணனுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மறுவாரமே வந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டான். காண்டிராக்டர் திட்டினாலும் கைவிடவில்லை. எந்த வண்டி எந்த ரூட்டில் எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று பார்த்து அனுப்பும் வேலையை ஷெட்டிலேயே கொடுத்தார். முன்போல் சம்பளம் இல்லை, சமாளிக்கிறோம். காலையும் இரவும் சொட்டு மருந்தை நான்தான் விடுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த வெள்ளைக் குண்டானுக்குள் முகத்தை வைக்கிறார். இதுவரை இருந்தது அப்படியே இருக்கிறது. வேறு ஒரு லென்ஸை இரவல் வாங்கி அந்தப் படத்தையும் எடுத்தாயிற்று, அம்மாவும் பார்த்தாயிற்று.

அவர் கண்ணில் போனது என்னால் போனது இல்லை, அது ஒரு நோய். ஆனால் ஒரு நல்ல மனிதரை மூன்று வருடம் தன்னைத் தானே சந்தேகப்பட வைத்தது என் வாய். அதற்குச் சொட்டு மருந்து கிடையாது. இப்போதும் வீட்டிலோ லைனிலோ யார் மேலாவது 'இவனுக்கு அக்கறையே இல்லை' என்று கோபம் பொத்துக்கொண்டு வரும்போது, அந்த வராந்தாவில் அவர் என்னிடம் கேட்ட கேள்வி காதில் விழும், நான் வாயை மூடிக்கொண்டு முதலில் அவர்கள் நிற்கிற இடத்தில் போய் நின்று பார்ப்பேன்.